ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு தீர்ச்ச

மலையாளத்தில் நிச்சயத்துக்குத் 'தீர்ச்ச' என்று ஒரு சொல் இருக்கிறது. நாளை வருவீர்களா என்று கேட்டால், வருகிறவன் 'தீர்ச்சயாயிட்டும்' என்பான். வராதவனும் அதையேதான் சொல்வான். நான் கரமனையில் பிறந்து, பள்ளியில் தமிழும் கல்லூரியில் சமஸ்கிருதமும் படித்து, பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் குறிப்பெழுதிப் பிழைத்தவன். ஒரு பொருளுக்கு மூன்று நான்கு சொற்கள் எப்போதும் என் கைவசம் இருக்கும். எந்தச் சொல்லைப் போட்டால் ஃபைல் நகரும், எந்தச் சொல்லைப் போட்டால் ஃபைல் உட்காரும் என்று தெரிந்திருந்ததுதான் என் உத்தியோகம்.

தமிழில் இந்தப் பொருளுக்குச் சொல் பஞ்சமில்லை. 'உறுதி' உறு என்ற வேரில் பிறந்தது. வந்து பொருந்தி, பிறகு அசையாமல் நிற்பது. 'திண்ணம்' திண்மையிலிருந்து வந்தது. தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருக்கவேண்டும். 'தேற்றம்' தேறுவதிலிருந்து, கலங்கிய தண்ணீர் மண்டியை அடியில் விட்டுவிட்டுத் தெளிவதுபோல. 'நிச்சயம்' வடமொழி, குவியலிலிருந்து வேண்டியதைப் பொறுக்கித் தனியே வைப்பது என்று எனக்குப் பாடம் சொன்னவர் விளக்கினார். வேறு மாதிரி விளக்குகிறவர்களும் உண்டு. மலையாளிகள் அதை 'எனிக்கு நிச்சயமில்லா' என்று ஆக்கி, 'எனக்குத் தெரியாது, போய் வா' என்ற அர்த்தத்தில் கவுண்டருக்கு வெளியே நிற்பவனை அனுப்பி வைக்கப் பயன்படுத்துகிறார்கள்.

தீர்ச்சயின் வேர் தீர். தீர்வது என்றால் முடிவது. அரிசி தீர்ந்தது, ஆயுசு தீர்ந்தது, தீர்ப்பு, தீர்வு எல்லாம் ஒரே குடும்பம். இனிமேல் மிச்சம் ஒன்றுமில்லை என்பதுதான் அந்த நிச்சயம். பக்கத்து மொழிக்காரர்கள் ஒரு காரியம் உறுதி என்று சொல்லும்போதெல்லாம் அது முடிந்துவிட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதை நான் அகராதியில் படித்து ரசித்திருக்கிறேன். ரசிப்பதற்கு மேல் அதில் ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்க வைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மன்னி.

மன்னி என்றால் அண்ணன் மனைவி. அவர் கணவர் எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. ஒரே ஆபீஸில் எனக்கு ஐந்தாறு வருஷம் மூத்தவர். கரமனைத் தெருவில் எங்கள் வீட்டோடு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவர். அண்ணா என்று கூப்பிட்டேன். ஆகவே அவர் மனைவி மன்னி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் கூட இருந்தது அண்ணாவின் தம்பியும் தம்பி குடும்பமும். தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எந்தக் கணக்கிலும் விடை இரண்டு கோடு போட்டு முடியவேண்டும் என்று நினைக்கிறவர்.

அறுபதுகளின் பிற்பாதியில் ஒரு நாள் அண்ணா ஆபீஸ் காரியமாக விழிஞ்ஞத்துக்குப் போனார். துறைமுகத்தின் அருகே ஏதோ ஒரு நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும். காலை பஸ்ஸில் போனவர், நிலத்தைப் பார்த்தார், ஒரு கடையில் இளநீர் குடித்தார். அதுவரை சாட்சி உண்டு. அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. மீனவர்கள் வலையும் தோணியுமாகத் தேடினார்கள். கடல் ஒன்றும் தரவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்குக் கடல் என்ற யோசனையே ஒட்டவில்லை. கரமனை ஆற்றிலேயே முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் சொம்பால் மொண்டு விட்டுக்கொண்டு கரையேறுகிற மனிதர் அவர்.

ஆபீஸ் முதலில் கேட்ட கேள்வி, அவர் லீவு சொல்லிவிட்டுப் போனாரா என்பது. சொல்லாமல் வராதவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்று ஒரு விதி உண்டு. நீக்குவதற்கு முன் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்கவேண்டும் என்று அதற்குக் கீழே இன்னொரு விதி உண்டு. நோட்டீஸை யாரிடம் கொடுப்பது என்று நான் ஒரு குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்புக்கு மேலே இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. அதனால் அண்ணா வருஷக்கணக்காக வேலையில் இருந்தார். எங்கள் ஆபீஸில் ஆள் இல்லாமல் வேலையில் இருந்தவர் அவர் ஒருவர் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். காணாமல் போனவர் அவர் ஒருவர்தான்.

சட்டம் இந்த மாதிரி நிலைமைக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவரைப் பற்றி, இயல்பாகக் கேள்விப்படக்கூடியவர்கள் ஏழு வருஷம் ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். இறந்தார் என்று சட்டம் சொல்வதில்லை. கொள்ளலாம் என்கிறது. ஏழு முடிந்ததும் நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மன்னியிடம் சொன்னேன். கோர்ட்டில் உத்தரவு வாங்கினால், வேலையிலிருக்கும்போது இறந்தவரின் மனைவி என்று அவருக்கு ஆபீஸில் வேலை கிடைக்கும். மன்னி இண்டர்மீடியட் படித்தவர். கொழுந்தன் பொறுப்பில் வந்துவிட்ட வீட்டில் ஏழு வருஷம் சமையல் செய்து, 'என்ன சமைக்கணும்' என்று ஓரகத்தியிடம் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்.

"வேலைன்னா, நானே சம்பளப் பட்டியல்லே கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார்.

"நீங்கதான் போடணும்."

"அப்போ பண்ணுங்கோ."

வக்கீல் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: கோர்ட்டுக்கு வரும்போது நெற்றியில் குங்குமம் வேண்டாம், தாலி வெளியே தெரியவேண்டாம். விசாரணையன்று மன்னி மடிசாரும், கால் ரூபாய் அளவுக்குக் குங்குமமும், மஞ்சள் கயிறுமாக வந்து நின்றார். வக்கீல் என்னை முறைத்தார். நான் மன்னியைப் பார்த்தேன்.

"சட்டத்துக்குத்தானே ஏழு? சாஸ்திரத்துக்குப் பன்னெண்டு. நான் கோர்ட்டுக்கு ஆத்திலேர்ந்துதானே வரேன்?" என்றார் மன்னி.

இதை விளக்கவேண்டும். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் எங்களில் கர்மம் செய்வார்கள். தர்ப்பையிலும் புரச இலையிலும் ஆள் உருவம் கட்டி, தலைக்குத் தேங்காய் வைத்து, அதைத் தகனம் செய்து, அன்றிலிருந்து தீட்டு எண்ணுவார்கள். அதுவரை மனைவி சுமங்கலி. சட்டப்படி ஏழில் செத்தவர் சாஸ்திரப்படி பன்னிரண்டில்தான் சாவார். நடுவில் இருக்கும் ஐந்து வருஷத்தைப் பற்றி இரண்டு தரப்பும் ஒன்றும் சொல்வதில்லை.

முன்சீப் மன்னியின் நெற்றியைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி நெற்றியைப் பார்த்தார்.

"பர்த்தாவு மரிச்சு என்னு நிங்ஙள்க்கு தீர்ச்சயாணோ?" என்று கேட்டார். கணவர் இறந்துவிட்டார் என்று உங்களுக்கு நிச்சயமா?

"இல்லா," என்றார் மன்னி.

வக்கீல் எழுந்தார். முன்சீப் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "பின்னே எந்தினா வந்நது?" பிறகு எதற்காக வந்தீர்கள்?

"ஏழு கொல்லமாயிட்டு ஒரு விவரமும் இல்லா. அது தீர்ச்சயாணு."

ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லை, அது நிச்சயம் என்று சொன்னார். சட்டம் கேட்பதும் அவ்வளவுதான். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்று அதை அப்படியே பிரித்துச் சொன்ன ஆளை அந்த முன்சீப் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அடுத்து நான் கூண்டில் ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை பார்ப்பவன், இயல்பாகக் கேள்விப்படக்கூடியவன், ஒன்றும் கேள்விப்படவில்லை. உத்தரவு கிடைத்தது.

மன்னி எங்கள் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தார். காகிதத்தில் விதவை, நாற்காலியில் குங்குமம். பக்கத்து நாற்காலி மலையாளிப் பெண் முதல் வாரமே கேட்டுவிட்டாள்: "சேச்சி, ஞான் சோதிக்கட்டே? சேட்டன் மரிச்சோ இல்லியோ?" அக்கா, ஒன்று கேட்கட்டுமா, உங்கள் வீட்டுக்காரர் இறந்தாரா இல்லையா என்று.

"ஆபீஸில் மரிச்சு. வீட்டில் இல்லா."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. வேலையில் கெட்டிக்காரி. விதிப் புத்தகத்தை எடுத்துப் படிக்கிற பழக்கம் உள்ள கிளார்க்குகள் என் காலத்தில் மிகக் குறைவு. அந்தச் சிறு கூட்டத்தில் மன்னி ஒருவர். 'ரூல் சாரே' என்று என்னைக் கேலி செய்துகொண்டே எனக்கே இரண்டு இடத்தில் விதி எடுத்துக் காட்டியிருக்கிறார். வீட்டில்தான் சங்கடம். கொழுந்தன் வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை செய்தபோது மன்னிக்குப் புடவை எடுப்பதா வேண்டாமா என்று ஓரகத்தி என் மனைவியிடம் வந்து யோசனை கேட்டாள்.

"எடுத்துடு. பன்னெண்டுக்கு அப்புறம் தப்புன்னு தெரிஞ்சா அந்தப் புடவையை அவ திருப்பியா தரப்போறா?" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டில் நடைமுறை ஞானம் எந்தப் பக்கம் இருந்தது என்று இதிலிருந்து தெரியும்.

வாத்தியார், அதாவது எங்கள் தெருவுக்கெல்லாம் புரோகிதம் செய்தவர், நமஸ்காரம் செய்த மன்னியைத் 'தீர்க்க சுமங்கலி பவ' என்று அந்த ஐந்து வருஷமும் வாழ்த்தினார். அந்தத் தீர்க்கம் நீளம் என்ற வடசொல்; நம் தீர் என்பதோடு அதற்கு ஒரு உறவும் கிடையாது. உறவு இல்லாததே நல்லது என்று எனக்குத் தோன்றும்.

பன்னிரண்டு நெருங்கியபோது கொழுந்தன் ஒரு பிரச்னம் வைத்துப் பார்த்தார். சோழி உருட்டிய ஜோசியர், வீட்டில் கடன் தீராத ஆத்மா ஒன்று அலைகிறது என்றார். கொழுந்தனின் மூத்த பெண்ணுக்கு ஒவ்வொரு வரனும் தட்டிப்போவது அதனால்தானாம். கொழுந்தன் கெட்டவர் இல்லை. அண்ணனுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு வாய் எள்ளும் தண்ணீரும் விடவில்லையே என்று அவர் நிஜமாகவே தூங்காமல் இருந்தார். வாத்தியாரைக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்தார். என்னையும் கூப்பிட்டார். எந்த விஷயத்திலும் நடைமுறை தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் இருக்கட்டும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை.

வாத்தியார் உருவம் கட்டுவது, தகனம், பத்து நாள் கிரியை எல்லாம் வரிசையாகச் சொன்னார். மன்னி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா திரும்பி வந்துட்டார்னா?" என்று நான் கேட்டேன். எந்த உத்தரவுக்கும் ரத்து செய்யும் வழி இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

"அதுக்கும் இருக்கு. நெய்யிலே ஸ்நானம் பண்ணி வைக்கணும். அன்னிக்குப் பொறந்த குழந்தையா பாவிச்சு, ஜாதகர்மாலேர்ந்து ஒவ்வொண்ணா பண்ணி, பூணூல் போட்டு, அப்புறம் அவாத்து மாமியையே மறுபடி கல்யாணம் பண்ணி வைக்கணும்."

"பேஷ். நம்ம ஆபீஸ்லே திரும்ப வேலைக்குச் சேர்றதைவிட சுலபமா இருக்கே," என்றேன். வாத்தியார் சிரித்தார். கொழுந்தன் சிரிக்கவில்லை.

அப்போது மன்னி சொன்னார்: "எனக்குச் சேதி வந்திருக்கு."

வாத்தியார் பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கினார். கொழுந்தன்தான் கேட்டார்: "என்ன சேதி, மன்னி?"

ஆபீஸில் கூட வேலை பார்ப்பவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மன்னி பார்க்கப் போயிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி. தமிழில் பேச ஆள் கிடைத்ததும் அவள் விடவில்லை. மன்னியின் பேச்சைக் கேட்டு, 'எங்க எஸ்டேட்டுலயும் உங்க ஆளுக ஒருத்தரு இருக்காக. கோயில்ல பூசை வைக்காக, எங்களுக்கு மனு எழுதித் தாராக, குடும்பம்னு யாருமில்ல. கொட்டாவி விட்டா வாய்கிட்ட விரலைச் சொடுக்குவாக' என்றாளாம். வயசும் உயரமும் பொருந்தியதாம்.

"மன்னி, இந்தத் தெருவிலே பாதிப் பேர் கொட்டாவி விட்டா விரலைச் சொடுக்குவா," என்றேன்.

"அவர் இடது கையாலே சொடுக்குவார். அவளும் இடது கைன்னுதான் சொன்னா."

வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடினார். "சேதின்னு ஒண்ணு வந்துட்டா கர்மா பண்ணப்படாது. விசாரிச்சுட்டு வாங்கோ."

அன்று மாலை சுவரோரம் நின்று மன்னியிடம் பேசினேன். எனக்குக் கோபம். நாலு நாளாக மனக்கணக்குப் போட்டு இந்தக் கதையை அவர் கட்டியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "நீங்க சொன்னது என்னன்னு தெரியுமா? கேள்விப்பட்டேன்னு நீங்க சொன்ன நிமிஷம் கோர்ட் உத்தரவுக்கு உசிர் இல்லை. வேலை போயிடும். ஒண்ணும் கேள்விப்படலைன்னு கூண்டிலே ஏறிச் சொன்னவன் நான்."

"அப்போ கேள்விப்படலை, சொன்னேள். இப்போ கேள்விப்பட்டேன், சொல்றேன். இதுலே எது பொய்?"

நான் சுவரில் உதிர்ந்திருந்த காரையைச் சுரண்டினேன்.

"அவர் இருக்கார்னு நான் சொல்லலை," என்றார் மன்னி. "ஆனா பத்தாம் நாள் விடியறதுக்கு முன்னாலே நாலு பொம்மனாட்டிகள் என்னைச் சுத்தி உட்கார்ந்துண்டு கழுத்திலே கையை வைப்பா. எதை வச்சு? வைக்கோல் மாதிரி ஒரு பொம்மையை வச்சு. கோர்ட்டு என்கிட்டே கேட்டுது, எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன், அதோட விட்டுடுத்து. இவாளுக்கு அது போறலை. நானே அவரை முடிச்சு வைக்கணும்ங்கறா."

கோர்ட்டில் முன்சீப் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் வேரோடு புரிந்தது. தீர்ச்சயா என்று கேட்டால், தீர்த்துவிட்டாயா என்றுதான் அர்த்தம். திண்ணமும் உறுதியும் வெளியே இருக்கும் பொருளைப் பற்றிய சொற்கள். அது கெட்டியா, நிற்குமா என்று பார்ப்பவை. தீர்ச்ச பொருளைப் பற்றியதே இல்லை. கேட்கிறவனும் சொல்கிறவனும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஆபீஸில் ஆயிரக்கணக்கான ஃபைல்களில் 'தீர்ப்பாக்கி' என்று எழுதிக் கட்டி அனுப்பினேன். தீர்த்துவிட்டோம் என்று அர்த்தம். அவற்றில் எத்தனை விஷயம் நிஜமாகத் தெரிந்துகொள்ளப்பட்டது என்று என்னை யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனும் நானும் போனக்காட்டுக்குக் கிளம்பினோம். மன்னி வாழையிலையில் புளியஞ்சாதம் கட்டிக் கொடுத்தார். நெடுமங்காடு தாண்டி விதுரையில் பஸ் மாறவேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்த கொழுந்தன் அப்படியே இருந்தார்.

"ஓய், மூணு பொட்டலம் இருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவு. கதை கட்டுகிறவள் மூன்றாவது பொட்டலம் கட்டுவாளா, அல்லது கதை கட்டுகிறவள்தான் கட்டாயம் மூன்றாவது பொட்டலமும் கட்டுவாளா என்று நான் யோசித்தேன். இரண்டுக்கும் சமமான நியாயம் இருந்தது. அதுவரை திண்ணமாக இருந்தது எனக்குக் கையில் கரைந்தது.

ஆளுக்கொரு பொட்டலம் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டுக் கொழுந்தன் மெதுவாகக் கேட்டார்: "இருந்தார்னா என்ன ஆகும்?"

"கூட்டிண்டு போகணும்."

"இல்லை, அதுக்கு மேலே."

"கோர்ட் உத்தரவு ரத்து. மன்னி வேலையை விடணும். அந்த உத்தரவை வச்சு வீட்டு வரியை உம்ம பேருக்கு மாத்தினேரே, அதையும் திருப்பி மாத்தணும்."

"ம்." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இல்லைன்னா?"

"பொம்மை கட்டணும்."

மலைப்பக்கம் கறுத்திருந்தது. போனக்காட்டு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டான். கொழுந்தன் எழவில்லை. "மழை வரும் போலிருக்கு. மேலே ரோடு மோசம்னு சொல்றா. இன்னொரு நாள் வரலாமோ?" என்றார். கண்ணைப் பார்க்காமல் சொன்னார். அண்ணன் உயிரோடு இருக்கவேண்டும் என்று பன்னிரண்டு வருஷம் வேண்டிக்கொண்ட மனிதர், அண்ணன் இருக்கக்கூடிய இடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கும் கால் எழவில்லை.

"பாதி விசாரணைன்னு ஒண்ணு எந்த ரூல்லேயும் கிடையாது. ஏறும்," என்றேன். ஏறினோம்.

போனக்காட்டில் இறங்கியபோது மேகம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தரையோடு கிடந்தது. விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம் கேட்டோம்.

"பூசை சாமியா? மேல கோயில்லதான் இருப்பாக. நீங்க சொந்தமா?"

"தெரியலை," என்றார் கொழுந்தன். அந்தப் பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வழி காட்டினாள்.

கோயில் என்பது தகரக் கூரை போட்ட ஒரு அறை. வாசல் படியில் முண்டும் மேல்துண்டுமாக ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணாவின் முதுகு அப்படித்தான் இருக்கும், அல்லது பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஆகியிருக்கலாம். கொழுந்தன் என் முழங்கையைப் பிடித்தார். அந்த மனிதர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, இடது கையால் விரலைச் சொடுக்கினார்.

"அண்ணா," என்றார் கொழுந்தன்.

அவர் திரும்பினார். வேறு முகம். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். கல்யாண வீடுகளில் சமைத்தவர். மனைவி செத்த பிறகு இங்கே வந்துவிட்டார். வலது கையில் கொதிக்கும் எண்ணெய் பட்டு இரண்டு விரல் மடங்காது, அதனால் இடது கை. இதெல்லாம் அவர் சொன்னபோது கொழுந்தன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். துக்கமா ஆசுவாசமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. மூன்றாவது பொட்டலத்தை அந்த மனிதர் அங்கேயே பிரித்துச் சாப்பிட்டார். பெருங்காயம் கொஞ்சம் கூட என்று சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மன்னி வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் பின்னால் தெருவைப் பார்த்தார். நாங்கள் இருவர் மட்டும்தான்.

"அவர் இல்லை, மன்னி," என்றார் கொழுந்தன்.

"இல்லையா," என்றார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கதை கட்டியவர் யாரும் அப்படி உட்காரமாட்டார்.

மறுநாள் வாத்தியார் வந்தார். கொழுந்தன் நடந்ததைச் சொன்னார். "அப்போ நாள் பார்த்துடலாம்," என்றார் வாத்தியார். மன்னி பழையபடி சுவரோரம் நின்றார். போன வாரம் இருந்த தெம்பு முகத்தில் இல்லை. செய்தால் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார் போலிருந்தது. கூடத்தில் என் வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் எழுந்துகொள்ளத்தான் பார்த்தேன்.

"வாத்தியாரே, ஒரு சம்சயம்," என்றேன். "பன்னெண்டு வருஷம் எதிலேர்ந்து எண்ணறேள்?"

"கடைசியா சேதி தெரிஞ்ச நாள்லேர்ந்து."

"போன வாரம் இவா சேதி வந்திருக்குன்னு சொன்னாளே, அது சேதியா இல்லையா?"

"பொய்ச்சேதின்னுதான் ஆயிடுத்தே."

"நேத்திக்குத்தானே ஆச்சு? முந்தாநாள் வரைக்கும் அது சேதிதான். சேதின்னு நீங்களே நம்பித்தான் கர்மாவை நிறுத்தி வச்சேள். நம்பாம நிறுத்தினேளா?"

வாத்தியார் குடுமியைத் தடவினார். "நம்பித்தான்."

"அப்போ கடைசியா சேதி இருந்த நாள் எது?"

"அப்படிப் பார்த்தா... எந்தக் கிரந்தத்திலேயும் இப்படி எழுதலையே."

"இதுக்கு விரோதமா எழுதியிருக்கா?"

"விரோதமாவும் இல்லை."

"பின்னே?"

கொழுந்தனைப் பார்த்தேன். கணக்கு வாத்தியார், படிகளைப் பின்தொடர்ந்து விடைக்கு வந்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. "அப்போ கணக்கு நேத்திலேர்ந்து ஆரம்பமா?" என்றார். அவர் குரலில் விதுரை டீக்கடை பெஞ்சு இருந்தது. மறுக்கவில்லை. "ஆனா பிரச்னத்திலே சொன்னது? பொண்ணுக்கு வரன்..."

"அதுக்கு ராமேசுவரத்திலே தில ஹோமம் பண்ணிடலாம்," என்றார் வாத்தியார். தனக்கும் ஒரு வழி கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "பொதுவா எல்லாப் பித்ருக்களுக்குமா பண்றது. யார் பேரையும் தனியா சொல்லவேண்டாம்."

"பேர் சொல்லவேண்டாமா?" என்று மன்னி கேட்டார். அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை.

"வேண்டாம்."

"அப்போ பண்ணுங்கோ."

வாத்தியார் பஞ்சாங்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "நேத்திலேர்ந்து இன்னும் பன்னெண்டு வருஷம். அன்னிக்குப் பண்ணி வைக்க நான் இருக்கணுமே!"

"நான் இருப்பேன்," என்றார் மன்னி.

சொல்லிவிட்டு, மணியாகிவிட்டது, பஸ் போய்விடும் என்று ஆபீஸுக்குக் கிளம்ப உள்ளே போனார்.